மரத்தடியில் தோன்றும் தட்டுக்காளான்: அறிவதும் ஆவன செய்வதும்

மதுரைக்கு மேற்கே வைகையின் தென்கரையில் அமைந்தது கோச்சடை. முன்னாளில் தனிச் சிற்றூராக இருந்த இவ்விடம் இன்று மதுரை மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. எனினும் கோச்சடையிலிருந்து துவரிமான், மேலக்கால் என்று ஆற்றை ஒட்டி மேற்கே செல்வோர் தென்னந்தோப்புகளையும், சாலையோரத்துப் புளிய மரங்களையும், வேம்பு, புங்கம், வாகை முதலியவற்றையும் இன்றும் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தபின் இத்தகைய தோப்புகளில் மரங்களின் அடியைக் கூர்ந்து நோக்கினால், தூரை ஒட்டி அரைவட்டத் தட்டுப் போன்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது சில இடங்களில் தென்படும். அதன் மேற்புறம் அரக்குப் பூசியதுபோல் மின்னும். விளிம்பு வெண்மையாக இருக்கும். சிறுவர் அதனைக் காலால் உதைத்து விளையாடுவர். பெரியவர்கள் மழைக்கு முளைத்த நாய்க்குடை என்று எண்ணி அப்பால் செல்வர்.

அஃது அவ்வாறு புறக்கணிக்கத்தக்க பொருளன்று. மரத்தினுள்ளே நெடுநாளாக நடந்துவரும் ஓர் அழிவை வெளியே அறிவிக்கும் அடையாளம் அது. அதனை இன்னதென்று அறிந்துகொண்டால் ஒரு தோப்பைக் காப்பாற்றலாம். சாலையில் செல்வோரின் உயிரையும் காப்பாற்றலாம். தவறாக அறிந்தால் நல்ல மரத்தை வெட்டிவிடவும், வெட்ட வேண்டிய மரத்தை விட்டுவிடவும் நேரும். ஆதலின் உழவர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் இக்காளானைப் பற்றி ஓரளவேனும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

காளானின் உடல் எங்கே இருக்கிறது?

மாமரத்தில் தொங்கும் மாங்காய் மரமாகாது. அது மரத்தின் காய் மட்டுமே. அதுபோலவே நாம் வெளியே காணும் தட்டு காளானின் கனியுறுப்பேயன்றி அதன் உடலன்று. காளானின் உடல், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மெல்லிய நூலிழைகளாக, வேரினுள்ளும் தண்டினுள்ளும் பரவிக் கிடக்கிறது. அவ்விழைகள் சில பொருள்களைச் சுரந்து மரத்தைக் கரைத்து, அதனையே உணவாகக் கொள்கின்றன. போதிய அளவு உண்டு வலிமை பெற்ற பின்னரே, ஈரமான பருவத்தில், தட்டு வெளியே தோன்றுகிறது. எனவே தட்டு தோன்றும் நாள் நோய் தொடங்கும் நாள் அன்று. நோய் முற்றிய நாள்.

இதிலிருந்து ஓர் உண்மையை நாம் உணரலாம். தட்டை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டால் நோய் தீர்ந்துவிடாது. காயைப் பறித்தால் மரம் சாவதில்லை அன்றோ? ஆயினும் தட்டைப் பிடுங்குவதில் ஒரு பயன் உண்டு. தட்டின் அடிப்புறத்திலுள்ள நுண்துளைகளிலிருந்து வித்துத்தூள் உதிர்கிறது. பெரிய தட்டு ஒன்று நாளொன்றுக்கு 3,000 கோடி வித்துத்தூள்கள் வரை உதிர்க்கவல்லது எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை வீணாகிவிடும். எனினும் வெட்டுக்காயத்திலோ, வெட்டிய அடிக்கட்டையிலோ விழும் சிலவே புதிய நோய்க்கு வித்தாகப் போதும். ஆகவே தட்டைக் கண்டவுடன் அகற்றி எரித்தல் வேண்டும்.

தஞ்சையில் கண்ட பாடம்

நாம் கூறிய மின்னும் தட்டைத் தோற்றுவிக்கும் காளான் இனத்திற்குக் கானோடெர்மா என்று பெயர். மின்னும் தோலுடையது என்னும் பொருள்பட அமைந்த இப்பெயரை 1881-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு அறிஞர் கார்ஸ்டன் இட்டார். உலகின் பல நாடுகளில் இது மரங்களைத் தாக்குகிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குப் பெருங்கேடு விளைப்பது இவ்வினமே. கன்னட நாட்டில் கமுகு மரங்களைத் தாக்கும் இந்நோயை உழவர்கள் 'அணபெ ரோகம்', அதாவது காளான் நோய், என்று வழங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் இக்காளான் பெயர் பெற்றது தென்னையினால்தான். 1952-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தைக் கடும் புயல் தாக்கியது. அதன்பின் அம்மாவட்டத்துத் தென்னைகளில் ஒருவகை வாடல் பெருகிக் காணப்பட்டது. ஆதலின் அதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்னும் பெயர் ஏற்பட்டது. இன்று வேளாண் துறையினர் இதனை அடித்தண்டழுகல் நோய் என்பர். தஞ்சைக்கு மட்டும் உரியதாக இது நின்றுவிடவில்லை. மாநிலத்தின் பிற மாவட்டங்களிலும், அண்டை மாநிலங்களிலும் காணப்படுகிறது. தென்னை மட்டுமன்றி வாகை, புங்கம், கருவேலம், சவுக்கு, மயிற்கொன்றை முதலிய மரங்களின் வேரையும் இவ்வினம் தாக்கும்.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னைகளை மீண்டும் சாய்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணில் அப்படியே விடப்பட்டால் அவை இக்காளானுக்கு விருந்தாகும். புயலுக்குப்பின் தோப்பைத் தூய்மை செய்தல் அழகுக்காக அன்று. அடுத்த தலைமுறை மரங்களின் உயிருக்காக.

அடையாளம் காணும் முறை

மரத்தில் முளைத்த காளான் அனைத்தும் கானோடெர்மா அல்ல. பின்வரும் ஐந்து சோதனைகளையும் வரிசையாகச் செய்து பார்த்தால் பெரும்பாலும் ஐயம் நீங்கும். இவற்றிற்கு ஒரு கத்தியும் வெள்ளைத் தாளும் போதும்.

முதலாவது, இடம். காளான் உயிருள்ள மரத்தில் இருக்கிறதா, பட்ட மரத்தில் இருக்கிறதா? தரையை ஒட்டித் தூரிலோ வேரிலோ இருக்கிறதா, மேலே கிளையில் இருக்கிறதா? கானோடெர்மா பெரும்பாலும் தூரையும் வேரையும் சார்ந்தே தோன்றும்.

இரண்டாவது, மேற்புறம். செம்பழுப்பு நிறமும், மெருகிட்டது போன்ற மினுமினுப்பும், வளரும் விளிம்பில் வெண்மையும் இருப்பின் அது கானோடெர்மா லூசிடம் என்று வழங்கும் வகையைச் சார்ந்தது. இதற்குச் சில வேளைகளில் குட்டையான காம்பும் இருக்கும். மினுமினுப்பின்றி மங்கிய பழுப்பு நிறத்துடன், வளையம் வளையமாக மேடுபட்டு, மரக்கட்டை போன்று கடினமாக இருப்பின் அது கானோடெர்மா அப்ளனேட்டம் என்னும் வகையை ஒத்தது.

மூன்றாவது, அடிப்புறம். தட்டைத் திருப்பிப் பார்த்தால் குடைக்காளானில் உள்ளது போன்ற மடிப்புத் தகடுகள் இதில் இரா. ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்துளைகளே வெள்ளைப் பரப்பெங்கும் நிறைந்திருக்கும். புதிய தட்டின் இப்பரப்பை நகத்தால் கீறினால் கீறிய இடம் பழுப்பாக மாறும். மேனாட்டில் சிலர் இதன்மேல் குச்சியால் படம் வரைந்து உலர்த்தி வைத்துக்கொள்வதும் உண்டு.

நான்காவது, உட்சதை. தட்டைக் கத்தியால் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே பழுப்பு நிறச் சதையும், அதன் கீழே நெருக்கமான குழல்களும் தெரியும். பல்லாண்டு வாழும் தட்டில் குழல்கள் அடுக்கடுக்காக இருக்கும்.

ஐந்தாவது, வித்துத்தூள். புதிய தட்டின் ஒரு துண்டை, துளைப்பக்கம் கீழே இருக்குமாறு, வெள்ளைத் தாளின்மேல் வைத்து ஒரு பாத்திரத்தால் மூடி ஓர் இரவு விட்டுவைத்தல் வேண்டும். காலையில் தாளில் பழுப்பு நிறத் தூள் படிந்திருப்பின் அது கானோடெர்மா என்பதற்கு நல்ல சான்றாகும். தோப்பிலேயே சில வேளைகளில் இத்தூள் தட்டின் மேற்புறத்திலும் அருகிலுள்ள இலைகளிலும் கோகோப் பொடி தூவியது போன்று படிந்திருக்கக் காணலாம்.

ஈண்டு ஒன்று குறிப்பிடல் வேண்டும். கானோடெர்மா லூசிடம் என்னும் பெயர் 1781-இல் இங்கிலாந்தில் கண்ட காளானுக்கு இடப்பட்டது. நம் நாட்டுத் தட்டுகள் பலவற்றிற்கும் அப்பெயரே நெடுநாள் வழங்கிவந்தது. இன்றைய மரபணு ஆய்வினால் அவற்றுட் பல வேறு இனங்கள் என அறிஞர் கருதுகின்றனர். இனப்பெயரைத் துல்லியமாக வரையறுத்தல் ஆய்வுக்கூடத்தின் வேலை. தோப்புக்கும் சாலைக்கும் வேண்டிய முடிவை எடுக்க நமக்கு 'இது கானோடெர்மா' என்னும் அளவு அறிவே போதும்.

மயங்கத்தக்க பிற காளான்கள்

விறகுக் கட்டையில் செம்மஞ்சள் நிறத்தில் கண்ணைப் பறிக்கும் மெல்லிய தட்டுகளைக் காணலாம். இவை பட்ட கட்டையைத் தின்பவை. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வெண்சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்த சிறு விசிறிகளாக, அடிப்புறத்தில் பிளவுபட்ட தகடுகளுடன் தோன்றுவது மற்றொன்று. அதுவும் பெரும்பாலும் பட்ட கிளைகளிலும், வெயிலால் வெந்த பட்டையிலும் வருவது. தோல் போன்று மெல்லியதாய், பல நிற வளையங்களுடன் அடுக்கடுக்காக இருப்பவையும் பெரும்பாலும் இறந்த மரத்தையே சார்ந்தவை.

ஆனால் புளி, வாகை முதலிய முதிய மரங்களின் தண்டில், ஆள் உயரத்திற்கும் மேலே, மாட்டுக் குளம்பு போன்ற வடிவில், கரிந்து வெடித்த பாறை போன்ற மேற்புறத்துடன் ஒரு காளான் தோன்றும். பிளந்தால் உட்சதை இரும்புத் துரு நிறமாக இருக்கும். இது பெல்லினஸ் என்னும் இனம். உயிருள்ள மரத்தின் வைரத்தைத் தின்று நடுவே பொந்தாக்குவது இதன் இயல்பு. இதனையும் புறக்கணித்தல் ஆகாது.

அழுகலின் வகை

உளுத்த மரத்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தும் காளானின் தன்மையை ஓரளவு அறியலாம். மரத்தில் இரு முக்கியப் பொருள்கள் உண்டு. ஒன்று செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். மற்றொன்று அந்நார்களைப் பிணைத்து விறைப்புத் தரும் லிக்னின். கட்டடத்திற்குக் கம்பியும் சிமென்டும் போன்றவை இவை. சில காளான்கள் செல்லுலோஸை மட்டும் தின்று லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போது மரம் பழுப்பு நிறமாகி, வறண்ட கண்மாய் மண்போல் சதுரம் சதுரமாக வெடித்து, விரலிடை நசுக்கினால் பொடியாகும். இது பழுப்பழுகல். வேறு சில லிக்னினையும் தின்னும். அப்போது மரம் வெளுத்து, பஞ்சு போன்றோ நார் நாராகவோ பிரியும். இது வெள்ளழுகல். கானோடெர்மாவும் பெல்லினஸும் வெள்ளழுகல் காளான்கள்.

தென்னையில் தோன்றும் குறிகள்

தென்னையில் தட்டுக்காக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முதலில் அடிவரிசை ஓலைகள் மஞ்சளாகி, வாடி, தண்டை ஒட்டித் தொங்கும். குரும்பைகள் உதிரும், காய்ப்புக் குறையும். தண்டின் அடியில் வெடிப்புகளின் வழியே செம்பழுப்பு நிறச் சாறு கசியும். நாளடைவில் இக்கசிவு மேல்நோக்கி ஏறும். தோண்டிப் பார்த்தால் வேர்கள் நிறம் மாறி அழுகியிருக்கும். இறுதியில் மரம் பட்டுப்போகும் தறுவாயிலோ, பட்ட பின்னரோதான் தட்டு தோன்றும். சில மரங்களில் அது தோன்றாமலே போவதும் உண்டு.

சாறு கசிவதைக் கண்ட உடனே இந்நோய் என்று முடிவு செய்தலும் கூடாது. சாறு வடிதல் நோய் என்பது வேறு. அது தண்டின் எப்பகுதியிலும் வெடிப்பை ஏற்படுத்தும். அதில் தட்டு தோன்றுவதில்லை. சிவப்புக் கூன்வண்டு தாக்கினால் தண்டில் துளைகளும், மென்று தள்ளிய நாரும் காணப்படும். இம்மூன்றுக்கும் மருத்துவம் வெவ்வேறு. ஆகவே பிணி அறிந்த பின்னரே மருந்துக்குச் செல்லுதல் வேண்டும்.

தென்னைக்கும் புளி போன்ற மரங்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புளிய மரம் ஆண்டுதோறும் பட்டைக்கு உள்ளே புதிய மரப்படலத்தை வளர்த்துக்கொள்ளும்; காயத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். தென்னைக்கு அவ்வாற்றல் இல்லை. அதன் தண்டில் ஒருமுறை அழுகிய பகுதி மீண்டும் வளராது. ஆதலின் தென்னையில் வருமுன் காத்தலே தலையாய மருத்துவம்.

தோப்பைக் காக்கும் வழி

இக்காளான் மண்ணின் வழியாகவும், வேரோடு வேர் தொடுவதாலும், பாய்ச்சும் நீராலும் பரவுகிறது. எனவே நோயுற்ற மரத்தின் நீர் நல்ல மரத்திற்குப் பாயாதவாறு தனித்தனிப் பாத்தி அமைத்தல் வேண்டும். தோப்பு முழுவதும் ஒரே வெள்ளமாகப் பாய்ச்சுதலை விட்டுவிடல் வேண்டும். நோயுற்ற மரத்தைச் சுற்றி 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள குழியை வட்டமாக வெட்டினால் வேர்த்தொடர்பு அறும். நோய் கண்ட இடத்தில் ஆழ உழுது வேர்களைக் காயப்படுத்தலாகாது. கோடையில் ஈரம் முற்றும் வறளவும், மழையில் நீர் தேங்கவும் விடலாகாது.

ஆண்டுக்கு மரம் ஒன்றுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுதல் நன்று. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தொழு உரத்துடன் கலந்து இடலாம்; இவை தீய காளானை அடக்கும். பாசன வசதி இருப்பின் வாழையை ஊடுபயிராக வைப்பதும் பயன் தரும்.

நோயின் தொடக்கத்தில் 1 விழுக்காடு போர்டோக் கலவையை மரம் ஒன்றுக்கு 40 லிட்டர் வீதம் தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றலாம். 40 லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 400 கிராமும் சுண்ணாம்பு 400 கிராமும் வேண்டும். இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்துப் பின்னர் ஒன்றுசேர்த்தல் முறை. இரும்புப் பாத்திரத்தைப் பயன்படுத்தலாகாது. வேர் வழியாக மருந்து செலுத்தும் முறையும் உண்டு. மருந்தின் பெயர், அளவு, அதன்பின் காய் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள் ஆகியவற்றை வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்தே அதனைச் செய்தல் வேண்டும்.

பட்டுப்போன மரத்தை வெட்டும்போது தண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சென்றுவிட்டு, தூரை மண்ணில் விட்டுவிடுவது பலரது வழக்கம். தூரைத் தோண்டி எடுக்கக் கூலி மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அத்தூரில் இருந்துதான் அடுத்த மரத்திற்கு நோய் செல்கிறது. ஒரு தூரைத் தோண்டும் கூலியையும், அதனால் சாகக்கூடிய இரண்டு மூன்று மரங்கள் பல்லாண்டு தரும் வருவாயையும் ஒப்பிட்டு நோக்கினால் எது சிக்கனம் என்பது விளங்கும். தூரையும் வேரையும் அவ்விடத்திலேயே எரித்தல் வேண்டும்; வாய்க்காலில் தள்ளலாகாது.

ஊராட்சியின் பொறுப்பு

பொதுச் சாலை, கண்மாய்க் கரை, பள்ளி வளாகம், சந்தைத் திடல் ஆகிய இடங்களிலுள்ள மரங்களின் நிலையை ஊராட்சி அறிந்திருத்தல் வேண்டும். புளிய மரத்தின் காயை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறோம். ஆனால் அம்மரத்தின் தூரை எத்தனை பேர் பார்க்கிறோம்? பசுமையான இலையும் நிறைந்த காயும் இருக்கும்போதே வேர் அழுகியிருக்கக்கூடும். அத்தகைய மரம் காற்றுமழையில் வேரோடு சாயும். அதன் கீழ் ஒதுங்கி நிற்போரே பெரும்பாலும் இடருக்கு உள்ளாவர்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் பொது மரங்களைச் சுற்றிப் பார்த்தல் நல்ல ஏற்பாடாகும். மரத்திற்கு எண் இட்டு, தூரில் தட்டு உண்டா, தண்டில் பொந்து உண்டா, மரம் ஒரு பக்கம் புதிதாகச் சாய்ந்துள்ளதா, அடிமண் வெடித்து உயர்ந்துள்ளதா என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். மரச்சுத்தியால் தண்டைத் தட்டினால் திண்மையான மரம் ஒருவித ஓசையும், பொந்துள்ள மரம் பறை போன்ற ஓசையும் தரும்.

தண்டில் பொந்து உள்ள மரமெல்லாம் விழுந்துவிடும் என்பதும் தவறு. மூங்கிலும் உள்ளே வெற்றிடமுடையதே. சுற்றிலும் உள்ள நல்ல மரத்தின் கனம், தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் அத்தண்டு பெரும்பாலும் தாங்கும் என்பது மர ஆய்வாளர் கொள்ளும் ஒரு கணக்கு. 90 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டிற்கு ஆரம் 45. ஆகவே சுற்றிலும் 15 சென்டிமீட்டர் நல்ல மரம் இருத்தல் வேண்டும். ஆனால் இக்கணக்கு தண்டிற்கே பொருந்தும், வேரழுகலுக்குப் பொருந்தாது. தூரில் கானோடெர்மாத் தட்டு கண்ட மரம் மக்கள் நடமாடும் இடத்தில் இருப்பின் காலம் தாழ்த்தாமல் அறிந்தோரை அழைத்துக் காட்டி, கிளைகளைக் குறைப்பதா, வெட்டுவதா என்று முடிவு செய்து, உரிய அனுமதி பெற்றுச் செயலாற்றுதல் வேண்டும். வெட்டிய இடத்திற்கு அருகில், அதே குழியில் அல்லாது, வேறு வகை மரக்கன்றை நடுதலும் மறவாமல் செய்யத்தக்கது.

ஐயம் எழுந்தால் தட்டின் ஒரு பகுதியையும் அழுகிய மரத்துண்டையும் காகிதத்தில் சுற்றி, எந்த மரம், எந்த இடம், எந்த நாள் என்று எழுதி அனுப்பலாம். நெகிழிப் பையில் கட்டினால் புழுங்கிக் கெடும். மதுரை வட்டாரத்தார்க்கு ஒத்தக்கடையில், 1965-ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி அண்மையில் உள்ளது. சீன நாட்டில் இவ்வினக் காளானை மருந்தாகப் போற்றுகிறார்கள் என்று கேள்வியுற்றுத் தோப்பில் கண்டதைக் காய்ச்சிக் குடித்தல் ஆகாது.

காட்டில் அது பகையன்று

இவ்வளவு கூறியதால் தட்டுக்காளானைக் கண்ட இடமெங்கும் அழித்தொழிக்க வேண்டும் என்று கொள்ளலாகாது. அழகர்மலை போன்ற காடுகளில் விழுந்த மரங்களை மண்ணாக்குபவை இக்காளான்களே. அவை இல்லையேல் பட்ட மரங்கள் குவிந்து கிடக்க, அவற்றிலுள்ள சத்து மண்ணுக்குத் திரும்பாது. காளானால் உண்டான பொந்துகளில் கிளியும் ஆந்தையும் குடியிருக்கின்றன. ஆந்தை உழவனின் எலியைப் பிடிக்கிறது. காட்டில் தன் கடமையைச் செய்யும் உயிர், தோப்பில் நமக்கு இழப்பாகவும், சாலையில் இடராகவும் ஆகிறது. இடமறிந்து நடத்தலே அறிவு.

ஆகவே அடுத்த மழை ஓய்ந்தவுடன், மரத்தின் உச்சியில் காயை எண்ணும் நம் கண்கள் ஒருமுறை அதன் தூரையும் நோக்கட்டும். ஊர்க்கூட்டத்தில் பேசும் பல பொருள்களுள் பொது மரங்களின் நிலையும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு கத்தி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு பதிவேடு ஆகிய இம்மூன்றும் எந்த ஊராட்சிக்கும் பெருஞ்செலவாகா.